இயந்திரம் யார் கையில்? – வேலையிடமும் பயிற்சியும் சாதியும்

(பண்டிதர் அயோத்திதாசர் நினைவுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



பண்டிதர் நினைவு மேடையில் பௌத்தம், வரலாறு, சித்த மருத்துவம், மொழி என்று பல பொருள்கள் பேசப்பட்டிருக்கின்றன. இந்த ஆண்டு நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது வேலையிடம். அங்கே புதிதாக வந்து இறங்கும் கருவிகள் நம் மக்களுக்கு என்ன செய்கின்றன என்பதே நம் கேள்வி. பண்டிதருக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் நினைக்கலாம். தொடர்பு இருக்கிறது.

1907 ஜூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையிலிருந்து பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மறு ஆண்டு அது 'தமிழன்' ஆயிற்று. 1914 மே 5இல் மறையும்வரை அதை நடத்தினார். அச்சு இயந்திரம், அஞ்சல், ரயில் ஆகிய மூன்றும் அந்தக் காலத்தின் தொழில்நுட்பம். அவற்றைத் துணைகொண்டுதான், ஊர்த்தெருவில் நடக்கவிடாத மக்களின் எழுத்து பல நூறு மைல் கடந்து போயிற்று. அந்த எழுத்தை ஆவலோடு வாங்கி வாசித்தவர்களில் முக்கியமானவர்கள் கோலார் தங்கவயல் தொழிலாளர்கள். பகலில் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள் இரவில் மாரிக்குப்பத்தில் பௌத்த சங்கம் நடத்தினார்கள். பண்டிதருக்குப் பிறகு 1920களில் ஜி. அப்பாதுரையார் 'தமிழன்' இதழைத் தங்கவயலிலிருந்தே மீண்டும் கொண்டுவந்தார்.

ஆகவே, இயந்திரம் நமக்குப் பகை என்று சொல்ல நாங்கள் இங்கே வரவில்லை. அச்சு இயந்திரத்தைக் கையில் எடுத்தவரின் நினைவு நாளில் அப்படிச் சொல்வது பொருந்தவும் பொருந்தாது. நாங்கள் சொல்ல வருவது இதுதான். ஒரு வேலையிடத்துக்குப் புதிய இயந்திரம் வரும்போது இரண்டு இடங்கள் உருவாகின்றன. ஒன்று இயந்திரத்தை இயக்கும் இடம். மற்றொன்று அந்த இயந்திரத்தால் இயக்கப்படும் இடம். எந்த இடத்தில் யார் நிற்பது என்பதை இந்நாட்டில் பெரும்பாலும் சாதி முன்கூட்டியே முடிவு செய்துவிடுகிறது. அந்த முடிவை மாற்றுவதற்கு உள்ள வழிகளில் முதன்மையானது தொழிற்பயிற்சி. அந்தப் பயிற்சிதான் நமக்கு இன்றுவரை மறுக்கப்படுகிறது.

1. தங்கவயலில் வந்த மின்சாரம்

தங்கவயலிலிருந்தே தொடங்குவோம். 1902இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரிலிருந்து மின்சாரம் எடுக்கப்பட்டு, ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தூரம் கம்பி வழியே தங்கவயலுக்குக் கொண்டுவரப்பட்டது. பெங்களூரு நகரத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததே 1905இல்தான். அதாவது இந்தியாவின் மிகப் புதிய தொழில்நுட்பம், பெரும்பாலும் வட ஆர்க்காட்டுப் பக்கத்திலிருந்து போன ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் இருந்த இடத்துக்குத்தான் முதலில் வந்தது.

வந்து என்ன ஆயிற்று? மேற்பார்வையும் பொறியியல் வேலையும் ஐரோப்பியரிடமும் ஆங்கிலோ இந்தியரிடமும் இருந்தன. ஆழத்தில் பாறையைத் துளைத்து, வெடி வைத்து, பொடியை மூச்சாக இழுத்தவர்கள் நம் மக்கள். சுரங்கம் மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்கு மேல் போனது. இயந்திரம் வளர வளர அவர்கள் இன்னும் கீழே இறங்கினார்கள்.

1930இல் தங்கவயலில் ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. தொழிலாளர்களைக் கைரேகை எடுத்துப் பதிவு செய்யும் புதிய ஏற்பாட்டை எதிர்த்து நடந்த வேலைநிறுத்தம் அது. குற்றவாளியிடம் எடுப்பதை எங்களிடம் ஏன் எடுக்கிறீர்கள் என்பதே அவர்கள் கேள்வியின் சாரம். கைரேகைப் பதிவும் அன்றைக்குப் புதிய தொழில்நுட்பம்தான். மின்சாரத்தை இயக்கும் பயிற்சி நம்மவர்க்கு வருவதற்கு முன்பு, நம்மவரை அடையாளம் பிடிக்கும் கருவி வந்துவிட்டது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பவும் பார்க்கப் போகிறோம்.

2. நூலைக் கோக்கும் வாய்

அதே காலத்தில் பம்பாய்ப் பஞ்சாலைகளில் வேறொரு காட்சி. தறி நாடாவில் புது நூல்கண்டு மாற்றும்போது, நூல் முனையை நாடாவின் சிறு துளை வழியே வெளியே கொண்டுவர நெசவாளர் துளையில் வாயை வைத்து உறிஞ்ச வேண்டும். ஒருவர் வாய் வைத்த நாடாவில் அடுத்தவரும் வாய் வைக்க வேண்டியிருக்கும். தீண்டப்படாதவர் எச்சில் பட்ட நாடாவைத் தொடமாட்டோம் என்று சாதி இந்துத் தொழிலாளர்கள் மறுத்தார்கள். விளைவு, கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் மகர் முதலிய தலித் தொழிலாளர்கள் நுழைய முடியவில்லை. கூலி குறைந்த நூற்புப் பிரிவோடு நின்றார்கள்.

இங்கே சமூகவியல் மாணவர்களாகிய நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. விசைத்தறி மான்செஸ்டரிலிருந்து வந்தது. அதில் சாதி இல்லை. ஆனால் வேலை செய்யும் முறையில் ஓர் எச்சில் இருந்தது. அந்த ஓர் இடுக்கு போதுமானதாக இருந்தது, ஊரில் இருந்த தீட்டு முழுவதும் ஆலைக்குள் வந்து உட்காருவதற்கு. 1928இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது அண்ணல் அம்பேத்கர் இந்தப் பிரச்சினையை எழுப்பினார். முதலாளியிடம் உரிமை கேட்கிறவர்கள் சக தொழிலாளிக்கு நெசவுப் பிரிவைத் திறக்க மறுக்கலாமா என்பது தொழிற்சங்கத்தின் முன் அவர் வைத்த கேள்வி. சாதி தொழிலை மட்டும் பிரிக்கவில்லை, தொழிலாளரையே மேல் கீழாகப் பிரித்து வைத்திருக்கிறது என்று 1936இல் அவர் எழுதியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட அனுபவங்கள் இருந்தன.

3. மணிக்கட்டில் கட்டிய கண்

இனி நம் காலத்துக்கு வருவோம்.

நாகபுரி, சண்டிகர், பஞ்ச்குலா முதலிய நகரங்களில் தூய்மைப் பணியாளர்களுக்கு ஜி.பி.எஸ். கைக்கடிகாரம் கொடுக்கப்பட்டது. பணியாளர் எங்கே நிற்கிறார், எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பது அலுவலகத் திரையில் தெரியும். ஒதுக்கிய பகுதியைவிட்டு நகர்ந்தால் பதிவாகும். சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சம் பரவியது. கழிப்பறைக்குப் போகவே தயக்கமாக இருக்கிறது என்று பெண் பணியாளர்கள் சொன்னார்கள். பணியாளர்கள் எதிர்த்துப் போராடினார்கள். குப்பையை வெறும் கையால் அள்ளும் பலருக்கு நல்ல கையுறை கிடைக்காத நாட்டில், மணிக்கட்டுக்குக் கடிகாரம் கிடைத்துவிட்டது.

கடிகாரம் இல்லாத ஊர்களில் கைரேகை இயந்திரம் வந்தது. அதன்பின் முகத்தைப் படம் பிடிக்கும் செயலி. வடமாவட்ட நகராட்சி ஒன்றின் பணியாளர் குடியிருப்பில் நாங்கள் மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே ஒரு மூத்த அம்மா எங்களிடம் சொன்னார்: "பிளீச்சிங் பவுடர் அள்ளி அள்ளி ரேகை அழிஞ்சு போச்சு பாப்பா. மிஷின்ல வெரலு விழல. இப்ப மூஞ்சிய காட்டச் சொல்றாங்க. வெடியக்காலம் இருட்டுல அதுவும் விழ மாட்டேங்குது. வார்டுக்குப் போயி அரை வார்டு கூட்டிட்டு, வெளிச்சம் வந்தப்பறம் திரும்பி வந்து மூஞ்சி காட்டுறேன். லேட்டுன்னு எழுதிக்கிறாங்க."

அவர் வேலை செய்தார். வேலை செய்ததற்குத் தெருவே சாட்சி. ஆனால் செயலியில் அவர் வரவில்லை. மேஸ்திரி கையெழுத்துப் போட்ட காலத்தில் மேஸ்திரியிடம் சண்டை போட முடிந்தது; கெஞ்சவும் முடிந்தது. செயலியிடம் இரண்டும் முடியாது. செயலியை யாரிடம் முறையிடுவது என்று கேட்டால், "மேலே கேளுங்க" என்கிறார் மேற்பார்வையாளர். அந்த மேலே என்பது ஒப்பந்தக்காரரா, நகராட்சியா, மென்பொருள் நிறுவனமா என்பது அந்த அம்மாவுக்குத் தெரியாது. மேற்பார்வையாளருக்கும் தெரியாது.

வருகையைப் பதிவு செய்வதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. போலிப் பெயர்களைச் சேர்த்துப் பணத்தைச் சுருட்டிய ஒப்பந்தக்காரர்கள் உண்டு. அதைத் தடுக்கப் பதிவு தேவை. ஆனால் அந்தத் திருட்டைச் செய்தவர் யார், கண்காணிக்கப்படுபவர் யார் என்று பாருங்கள். ஒப்பந்தக்காரர் பி.எஃப். தொகையை ஒழுங்காகக் கட்டினாரா என்று மாதாமாதம் பணியாளரின் கைபேசிக்குச் செய்தி அனுப்பும் செயலியையும் இதே தொழில்நுட்பத்தால் செய்ய முடியும். நாங்கள் பழகிய வார்டுகளில் முகத்தைக் கேட்கும் செயலி இருக்கிறது. கணக்கைக் காட்டும் செயலி இல்லை. தங்கவயல் 1930இன் வரிசை அப்படியே திரும்பியிருக்கிறது.

4. குழிக்குள் இறங்குகிறவரின் அறிவு

பாதாளச் சாக்கடைக்கு வருவோம். மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்குப்படியே 2019 முதல் 2023 வரை சாக்கடையிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் இறங்கி இறந்தவர்கள் 377 பேர்.

அங்கே என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும். கழிவு அழுகும்போது ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயு உண்டாகிறது. காற்றைவிடக் கனமானது, குழியின் அடியில் தங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். பத்து லட்சம் பங்கு காற்றில் நூறு பங்கை நெருங்கினால் மூக்கு மரத்துவிடும், நாற்றம் தெரியாது. நாற்றம் போய்விட்டது, வாயு போய்விட்டது என்று மனிதர் நினைக்கிற நேரம்தான் ஆபத்து கூடியிருக்கும் நேரம். அளவு ஆயிரத்தை நெருங்கினால் ஓரிரு மூச்சிலேயே விழுந்துவிடுவார். மேலே நிற்கிறவர் அண்ணனாகவோ மைத்துனராகவோ இருப்பார். காப்பாற்ற இறங்குவார். அவரும் விழுவார். ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று செய்தி வருவது இதனால்தான்.

கையடக்கமான வாயு அளவி ஒன்று இந்தச் சாவைத் தடுக்கும். அது அரிய கருவியும் அல்ல. தொழிற்சாலைகளில் சாதாரணமாகப் பயன்படுவது. ஆனால் நம் ஆட்கள் இன்னும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கரப்பான்பூச்சி உயிரோடு ஓடுகிறதா என்று பார்த்துத்தான் இறங்குகிறார்கள். சிலர் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள். மீத்தேன் இருந்தால் அந்த விளக்கே எமனாகும். இவை அறியாமை அல்ல. கருவி கொடுக்கப்படாதவர்கள் தாங்களே உண்டாக்கிக்கொண்ட அறிவு. எந்தத் தெருவில் எந்தக் குழி எவ்வளவு ஆழம், எங்கே குழாய் வளைகிறது, மழைக்குப் பின் எங்கே அடைக்கும் என்ற வரைபடம் அவர்கள் உடம்பில் இருக்கிறது. பல நகராட்சிகளின் கோப்பில்கூட அது முழுமையாக இருக்காது.

சட்டம் இருக்கிறது. 1993இல் ஒன்று, 2013இல் ஒன்று. 2014 மார்ச்சில், சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் தொடுத்த வழக்கில், 1993 முதல் சாக்கடையில் இறந்த ஒவ்வொருவர் குடும்பத்துக்கும் 10 லட்சம் ரூபாய் தர உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ஆனால் 2013 சட்டத்தில் ஓர் ஓட்டை இருக்கிறது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் இறக்குவதைத்தான் அது ஆபத்தான துப்புரவு என்று வரையறுக்கிறது. கருவியோடு இறக்கினால்? மனிதர் குழிக்குள் இறங்குவது முழுதாக முடியவில்லை. உறை மாட்டிக்கொண்டு இறங்கலாம் என்று ஒரு கதவு திறந்தே இருக்கிறது.

5. ரோபோவின் பக்கத்தில் யார்?

இப்போது ரோபோக்கள் வந்திருக்கின்றன. திருவனந்தபுரத்து இளம் பொறியாளர்கள் உருவாக்கிய 'பாண்டிகூட்' 2018இல் வந்தது. நம் கும்பகோணம், கோயம்புத்தூர் வரை வந்திருக்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் கழிவுநீர்த் தொட்டிக்காக 'ஹோமோசெப்' உருவாக்கப்பட்டது. அதன் முதல் கருவிகள், இந்த வேலையில் கணவரைப் பறிகொடுத்த பெண்கள் நடத்தும் சுய உதவிக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டன. தில்லியில் 2019இல் 200 சாக்கடைத் துப்புரவு வண்டிகள் இறக்கப்பட்டபோது, அவற்றை உடைமையாக்கிக்கொள்ள இந்தத் தொழிலில் இருந்த குடும்பங்களுக்கு முன்னுரிமை தரப்பட்டது. ஐதராபாத்திலும் இதைப் போன்ற ஏற்பாடு நடந்தது. இவை நல்ல தொடக்கங்கள். கருவியின் உடைமையே கை மாறியிருக்கிறது என்பதால் நல்லவை.

மற்ற இடங்களில் நாங்கள் நேரில் கண்டது வேறு. ஒப்பந்தக்காரரின் ஜெட்டிங் லாரி வருகிறது. ஓட்டுநர் இருக்கையில் ஒருவர். அவருக்குக் கனரக உரிமம் உண்டு. இயக்கும் பொத்தான் அருகில் இன்னொருவர், அவருக்கு ஐ.டி.ஐ. சான்றிதழ் உண்டு. குழாயைத் தோளில் சுமந்து குழிக்குள் விட்டு, தெறிக்கும் கழிவில் நனைந்து நிற்பவர் மூன்றாமவர். அவர்தான் இருபது ஆண்டுகளாக அந்தக் குழிகளை அறிந்தவர். அடைப்பு எங்கே என்று அவர்தான் சொல்கிறார். சம்பளத்தில் அவர்தான் கடைசி. லாரியால் போக முடியாத சந்து வந்தால், "நீயே கொஞ்சம் பாத்துடுப்பா" என்று மறுபடி அவரையே இறக்குகிறார்கள்.

இருபது ஆண்டு அனுபவத்தை எடைபோட்டு ஓர் ஆறு மாதப் பயிற்சி கொடுத்து, உரிமம் எடுக்கக் கட்டணம் கட்டி, அவரையே இயக்குநராக்குவதில் என்ன தடை? பத்தாம் வகுப்புச் சான்றிதழ் இல்லை என்பார்கள். அது இல்லாமல் போனதற்குக் காரணமும் அதே சாதிதான். பெரிய நிறுவனங்களில் ஊழியர் மேம்பாடு என்று தனித்துறையே வைத்திருக்கிறார்கள். கணினி மாறினால் பயிற்சி, மென்பொருள் மாறினால் பயிற்சி, பயிற்சி நாளுக்குச் சம்பளமும் உண்டு. தூய்மைப் பணியில் சேர்ந்தவருக்கோ சேரும்போது என்ன வேலையோ, ஓய்வு பெறும்போதும் அதே வேலை. நிரந்தரப் பணி போய் ஒப்பந்தம் வந்தபின் ஓய்வு என்பதும் இல்லை, நிறுத்தம்தான். 2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் மாளிகை முன் இரண்டு மண்டலங்களின் தூய்மைப் பணியாளர்கள் 13 நாள் உட்கார்ந்து, நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்களே, அவர்கள் எந்த இயந்திரத்தையும் எதிர்க்கவில்லை. தங்கள் வேலையைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்றுதான் கேட்டார்கள்.

அண்ணல் இதை 1942லேயே எழுதி வைத்தார். வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினராகப் பொறுப்பேற்ற அந்த ஆண்டு அக்டோபரில், பட்டியல் சாதிகளின் குறைகளைத் தொகுத்து ஒரு மனு கொடுத்தார். பதவி, கல்வி உதவித்தொகை ஆகியவற்றோடு, தொழில்நுட்பப் பயிற்சி வேண்டும் என்று அதில் தனியே கேட்டார். அரசு அச்சகங்களிலும் ரயில்வே பணிமனைகளிலும் நம் பிள்ளைகளைப் பயிற்சியாளர்களாகச் சேர்க்க வேண்டும் என்பது அதில் ஒரு கோரிக்கை. இயந்திரம் இருக்கும் இடத்துக்குள் நம் ஆள் மாணவனாக நுழைய வேண்டும் என்பதே அதன் பொருள்.

6. நமக்குள் ஒரு கேள்வி

இங்கே நமக்குள்ளேயே ஒரு முரண் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவது பண்டிதரின் மேடைக்கு அழகல்ல.

எங்கள் மாலை வகுப்பில் ஓர் இளைஞர் எழுந்து கேட்டார்: "எங்க அப்பா குழியில எறங்குனாரு. நீங்க என்னைய ரோபோவ ஓட்டச் சொல்றீங்க. ரெண்டும் அதே குழிதானே? எப்ப இதவிட்டு வெளிய போறது?" எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. இந்த வேலையைவிட்டு வெளியேறு என்பதுதான் அண்ணல் நமக்குக் காட்டிய வழி. இந்த வேலையில் உரிமை கேள் என்பது சங்கத்தின் வழி. இரண்டையும் ஒரே வாயால் எப்படிச் சொல்வது?

யோசித்தபின் நாங்கள் வந்து சேர்ந்த இடம் இது. இன்று வேலையில் இருப்பவர்க்கு இந்த வேலையிலேயே உரிமை வேண்டும்: நிரந்தரம், பயிற்சி, இயக்குநர் பதவி. அவர் பிள்ளைக்கு வெளியேறும் உரிமை வேண்டும்: கல்வி, வேறு துறையில் தொழிற்பயிற்சி. அப்பாவின் பதவி பிள்ளைக்கு வாரிசாக வருவதை நாம் உரிமை என்று கொண்டாடக் கூடாது. சாக்கடை இயந்திரத்தின் இயக்குநர் பதவி தொழில்நுட்பப் பணியாக வகைப்படுத்தப்பட வேண்டும். அதற்குரிய சம்பளம் வேண்டும். இப்போதிருப்பவர்களை அமர்த்தியபின், எல்லாச் சாதியினரும் விண்ணப்பிக்கும் பொதுப் பணியாக அது மாற வேண்டும்.

அப்படி மாறும்போது இன்னொரு ஆபத்து வரும் என்பதும் தெரியும். நிரந்தரத் துப்புரவுப் பணிக்குப் பிற சாதியினர் சேர்ந்து, சேர்ந்த பிறகு அலுவலக வேலைக்கு மாற்றிக்கொண்டு, கூட்டும் வேலை மறுபடி நம்மிடமே வந்ததைப் பார்த்திருக்கிறோம். அதனால் யார் எந்தப் பதவியில் சேர்ந்தார், எந்த வேலை செய்கிறார் என்ற பட்டியலை ஒவ்வொரு நகராட்சியும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும் என்று கேட்கிறோம். முகம் பிடிக்கும் செயலி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வேலை அல்ல.

முடிவாகச் சில வேண்டுகோள்கள். சங்கத் தோழர்களே, அடுத்த ஒப்பந்தப் பேச்சில் கூலியோடு பயிற்சியையும் கோரிக்கையாக வையுங்கள்: சம்பளத்தோடு கூடிய பயிற்சி நாள், உரிமக் கட்டணம், இயக்குநர் பதவியில் முன்னுரிமை. புதிய கருவி எதுவும் பணியாளரைக் கேட்காமல் வேலையிடத்தில் வைக்கப்படக் கூடாது என்று எழுதி வாங்குங்கள். செயலி தவறினால் நேரில் முறையிட ஒரு மனிதரின் பெயரும் எண்ணும் மஸ்டர் பலகையில் இருக்க வேண்டும். கணினித் துறையில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளே, வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். பி.எஃப். கணக்கைப் பார்க்கவும், சம்பளச் சீட்டை வாசிக்கவும் நம் தாய்மார்களுக்குக் கற்றுக்கொடுங்கள்.

அந்த இளைஞர் இப்போது ஐ.டி.ஐ.யில் மின்பணியாளர் பிரிவில் சேர்ந்திருக்கிறார். அவர் அப்பா, நாற்பத்தெட்டு வயதில், கனரக உரிமத்துக்குப் பழகிக்கொண்டிருக்கிறார். உரிமக் கட்டணத்தை நகராட்சி தரவில்லை. தெருக்காரர்கள் சேர்ந்து கொடுத்தார்கள். அச்சு எழுத்தைக் கோக்கக் கற்றுக்கொண்டவர்களின் வழியில் வந்தவர்கள் நாம். 

ஜெய்பீம்.